லாரி வேண்டாம், மறுகாலுக்கு வாங்க

போன வாரம் சென்னையிலிருந்து சித்தி மகன் போன் பண்ணினான். நல்ல பையன், ஐடி கம்பெனியில் வேலை. "அண்ணே, இந்த வருஷமும் மழை பலமா இருக்கும்னு பேசிக்கிடுதாங்க. ஏதும் ஆச்சுன்னா எங்க ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து ஒரு லாரி சாமான் அனுப்பலாம்னு இருக்கோம். என்னென்ன வேணும்னு லிஸ்ட் போட்டுக் குடுங்க" என்றான்.

"லாரி வேண்டாம்லே. ஐப்பசிக்கு முன்னாடி ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வா" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். போனில் விளக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அவனை மாதிரி நினைக்கிற நல்ல மனுஷங்க இதைப் படிக்கிறவர்களில் நிறைய உண்டு.

எங்க ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, தாமிரபரணியின் தென்கரைப் பக்கம். ஆற்றுக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டு உண்டு, கடைசி ஸ்ரீவைகுண்டம். அதற்குக் கீழே இருப்பது எங்களை மாதிரி ஊர்களும் புன்னைக்காயல் கடலும்தான். மேலே மழை கொட்டினாலும், மேலே அணையைத் திறந்தாலும், எல்லாம் எங்க வாசல் வழியாகத்தான் கடலுக்குப் போகணும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி ஒண்ணு. மறுநாள் காலை வரைக்குமான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. எங்க மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, உள்ளே சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டது, பக்கத்துப் புதுக்குடி ஜனங்க அவர்களுக்குச் சமைச்சுப் போட்டது எல்லாம் டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்க ஊர்க் குளம் டிவியில் வரவில்லை. அதை நான் சொல்கிறேன், எங்க தப்பையும் சேர்த்து.

குளம் நிறைந்து மிஞ்சுகிற தண்ணி வெளியேற ஒரு கல் கட்டு இருக்கும். எங்க பக்கம் அதை மறுகால் என்போம். அந்த உயரத்துக்கு மேல் தண்ணி வந்தால் தானாக வழிந்து ஓடை வழியாகப் போய்விடும். கரை உடையாமல் காப்பாற்றுவது அதுதான். அந்த வருஷம் கார்த்திகையிலேயே குளம் பெருகி மறுகால் பாய்ந்தது. ஓடிப்போகிற தண்ணியைப் பார்த்தால் விவசாயிக்கு வயிறு எரியும். பிசானத்துக்கு மாசி வரைக்கும் தண்ணி வேணும், வாழைக்கு அதுக்கு மேலேயும் வேணும். அதனால் மறுகால் மேல் ரெண்டடிக்கு மண்மூட்டை அடுக்கினோம். "அடுக்கினார்கள்" என்று எழுத ஆசைதான். ஆனால் நானும் எட்டு மூட்டை சுமந்தேன்.

மடை பார்க்கிற தாத்தா அப்பவே சொன்னார்: "கார்த்திகையோட எடுத்துப் போடுங்கய்யா. மார்கழி மழையை நம்பாதிய." சரி தாத்தா என்றோம். யாரும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேர் மூட்டையை எடுக்கப் போனோம். கிட்டேயே போக முடியவில்லை. எடுத்திருந்தாலும் ஓடையில் சீமைக்கருவேலை மண்டிக் கிடந்தது, தண்ணி முன்னால் போகாமல் எதிர்த்துத்தான் வந்தது. ராத்திரி பதினொரு மணி வாக்கில் கரை உடைந்தது. உடைந்த இடத்துக்கு நேர் கீழே கீழத்தெரு. கீழத்தெருவில் யார் இருக்கிறார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. தமிழ்நாட்டு ஊர்களில் பள்ளத்தில் யார் வீடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

டவர் இல்லை, கரண்ட் இல்லை. கோயில் மைக் செட்டுக்குப் பேட்டரி இல்லை. ரெண்டு பையன்கள் நெஞ்சளவு தண்ணியில் கதவு கதவாகத் தட்டி எல்லாரையும் பள்ளிக்கூட மாடியில் ஏற்றினார்கள். மனுஷ உயிர் போகவில்லை. அது எங்க கெட்டிக்காரத்தனம் இல்லை, அந்தப் பையன்களின் கால்.

அங்கே ஒரு ஆச்சிக்கு ரெண்டு பசு. தொழுவத்தில் கட்டினபடியே செத்துக் கிடந்தது. "கயித்த அவுத்து விட்டிருந்தா நீந்திப் போயிருக்கும் தம்பி. பதறின பதட்டத்துல தோணலையே" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதது. அந்த ஆச்சிக்கு எட்டு மூட்டைக் கதை தெரியாது. பிறகு நான்தான் சொன்னேன்.

இயற்கைச் சீற்றம், யாரால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை. அவ்வளவு மழைக்கு எங்க குளம் எப்படியும் தளும்பியிருக்கும். ஆனால் கரை எங்கே உடையும், எத்தனை மணிக்கு உடையும், அந்த நேரத்தில் கீழே யார் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதில் எங்க கையும் இருந்தது.

அப்புறம் லாரிகள் வந்தன. அரிசி, பிஸ்கட், போர்வை எல்லாம் அந்த நேரத்துக்கு உதவித்தான் செய்தது, நன்றி இல்லாமல் பேசவில்லை. பழைய துணிதான் மூட்டை மூட்டையாகப் பள்ளிக்கூட வராந்தாவில் மட்கியது. வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு கிடந்தபோது எங்களுக்கு வேண்டியிருந்தது மண்வெட்டி, ப்ளீச்சிங் பவுடர், நனைந்த மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மெக்கானிக், மாட்டுக்கு வைக்கோல். வைக்கோல் படப்பு மொத்தமும் அழுகிவிட்டது. உயிர் பிழைத்த மாட்டுக்கு என்ன போடுவது என்று லாரியில் வந்த யாரும் கேட்கவில்லை.

அரசாங்கம் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தது. ஏக்கர் கணக்கில் 7,000-க்குக் கொஞ்சம் குறைவு. உழவுக்கும் நடவுக்கும்கூடப் பற்றாது, போகட்டும். அது யார் கைக்குப் போகிறது என்பதுதான் பெரிய விஷயம். எங்க ஊரில் பாதி நிலத்துக்குப் பட்டா ஒருத்தர் பேரில், பயிர் வைக்கிறது இன்னொருத்தர். குத்தகைக்கு எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். கணக்கெடுக்க வந்தவர்கள் பட்டாவையும் பேங்க் புக்கையும் கேட்டார்கள். கடன் வாங்கி நட்டவன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் வீட்டுக்கு ஊரில் ரெண்டு ஏக்கர் இருக்கும்? அதற்கு எப்பவாவது நிவாரணப் பணம் வந்து விழுந்திருக்கிறதா என்று அப்பாவின் பேங்க் புக்கைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். வந்திருந்தால் அது உழுதவன் பணம். அடுத்த தடவைக்கு இப்பவே, "இந்த நிலத்தில் இன்னார் பயிர் வைக்கிறார்" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், அவர் பேர் அடங்கலில் ஏறட்டும். ஒரு லாரி பிஸ்கட்டைவிட அந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

2024-ல் ஊர்க்கூட்டம் போட்டோம். ஐப்பசி ஒண்ணிலிருந்து தை பிறக்கிற வரைக்கும் மறுகாலில் ஒரு மூட்டைகூட வைக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள அஞ்சு பேர், அதில் ரெண்டு பேர் கீழத்தெரு. இந்த ரெண்டு பேர் விஷயத்தில்தான் சத்தம் வந்தது. நிலமே இல்லாதவனுக்குக் குளத்தில் என்ன சொல் என்று கேட்டார்கள். உடைந்தால் முதலில் நனைகிறவன் அவன்தானே என்று மடைத் தாத்தா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மடைக்கல்லில் மூணு கோடு பெயிண்ட் அடித்திருக்கிறோம். டிவியில் சிவப்பு எச்சரிக்கை என்றால் எங்க ஆட்களுக்கு ஒன்றும் ஓடாது. ரெண்டாவது கோட்டுக்குத் தண்ணி வந்தால் மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டணும், மூணாவது கோடு என்றால் ஆளும் கிளம்பணும். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மைக் செட்டுக்கு ஒரு பேட்டரியும் வாங்கியாச்சு.

இதில் நஷ்டமும் இருக்கிறது. மூட்டை வைக்காததால் அந்த மாசிக் கடைசியில் எனக்குத் தண்ணி பத்தவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து விலைக்கு இறைத்து வாழையைக் காப்பாற்றினேன். இந்த வருஷமும் "ஒரு அடி மட்டும் வைப்போமா" என்று ஒருத்தர் ஆரம்பித்திருக்கிறார். உள்ளூர எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை.

மிச்சம் இருப்பது ஓடை. ஒரு கிலோமீட்டருக்குக் கருவேலையை வேரோடு பிடுங்கணும், இல்லையென்றால் ஒரே மழையில் துளிர்த்துவிடும். புரட்டாசிக் கடைசி வாரத்துக்கு ஜேசிபி சொல்லி வைத்திருக்கிறோம். வாடகைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்தது போக இன்னும் துண்டு விழுகிறது. லாரிக்கு வைத்திருக்கிற காசில் கொஞ்சம் அதற்கு வந்தால் நல்லது. ஆளாக வந்தால் இன்னும் நல்லது, முள் பொறுக்க நிறையக் கை வேணும்.

சித்தி மகனுக்கு நேற்று மறுபடியும் போன் போட்டேன். வரும்போது ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிட்டு வா, அப்படியே உங்க அப்பா பேர்ல இருக்கிற நிலத்தோட பட்டா நகலையும் எடுத்துட்டு வா என்றேன். பட்டா எதுக்குண்ணே என்றான். வா, உங்க வயலில் யார் நட்டிருக்கான்னு காட்டுதேன் என்றேன்.