மலைரயிலின் காதலர்களுக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் மலைரயிலைப் பற்றித் தமிழில் நான் வாசித்தவற்றில் பெரும்பகுதி ஏக்கக் குறிப்புகள்தாம். பனி, புகை, ஜன்னலோர இருக்கை, கூடவே கொஞ்சம் ‘மூன்றாம் பிறை’. அந்த எஞ்சின் எவ்வாறு மலையேறுகிறது என்பதில் நம் எழுத்தாளர்களுக்கு ஆர்வமில்லை. புகைவண்டி என்று பெயரிட்ட இனமல்லவா, புகையோடு நின்றுவிட்டோம்.

1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் போடப்பட்ட பாதை இது. கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றம். தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் ஓடுகிறது. எக்ஸ் வகை எஞ்சினின் நான்கு உருளைகளில் இரண்டு சக்கரங்களை ஓட்டுகின்றன. அங்கு வேலை முடித்த நீராவியே மற்ற இரண்டுக்கும் சென்று பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை, கீழிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். பயணிகளின் புகைப்படங்களில் தற்செயலாக விழும் அந்த மனிதரின் கையில்தான் இறக்கத்தில் நம் உயிர் இருக்கிறது.

2005இல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. உடனே வேல்ஸின் டாலிலின் ரயில்வேயை உதாரணம் காட்டும் ஒரு குரலும் எழுகிறது: மூடப்படவிருந்த பாதையை 1951 முதல் தன்னார்வலர்களே ஏற்று நடத்தவில்லையா, இங்கும் ஆர்வலர்களிடமோ தனியாரிடமோ ஒப்படைத்தால் என்ன? அபத்தம். ஏழு மைல் பள்ளத்தாக்குப் பாதையும் இந்தச் செங்குத்தும் ஒன்றல்ல. சம்பளம் வாங்கும் தொழிலாளியின் இடத்தில் வார இறுதி ரசிகனை நிறுத்துவது பாரம்பரியப் பாதுகாப்புமல்ல. பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் 2011இல் புதிய எக்ஸ் எஞ்சினையே உருவாக்கினார்கள். கைத்தொழில் இன்னும் உயிரோடு இருப்பது அவர்களிடம்தான்.

ஆனால் டாலிலினிடம் கற்க ஒன்று உண்டு. ரோல்ட் என்ற எழுத்தாளர் அதில் முன்னணியில் நின்றார். ரசித்ததோடு நில்லாமல் அங்கு வேலை செய்தார், அந்த வேலையைப் பற்றி நூலும் எழுதினார். நம்மில் யார் அதைச் செய்தோம்? பொள்ளாச்சி வழியாக ஓடிய மீட்டர் கேஜ் பாதைகள் அகலப்பாதையானபோது, அத்தொழிலாளர்களின் பேச்சுமொழியையும் பட்டறைச் சொற்களையும் எந்தச் சிறுபத்திரிகை தொகுத்தது?

மேட்டுப்பாளையத்திலும் குன்னூரிலும் ஓய்வுபெற்ற ஃபயர்மேன்களும் பிட்டர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார ரயில்வே அனுமதி தேவையில்லை. அடுத்த இலக்கியச் சந்திப்பை உதகையில் வைக்கும் நண்பர்கள், ஒரு நாள் முன்னதாகக் குன்னூரில் இறங்கலாம்.