விலைக் கவரைப் பிறகு பிரியுங்கள்

பாட்டில் லேபிளில் பேனாவால் ஒரு நம்பர் எழுதியிருந்தால் போதும், உள்ளே இருப்பது அமிர்தம் என்று நம்பிவிடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. பிரான்சிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள் முன்பெல்லாம் கொஞ்ஞாக் கொண்டுவருவார்கள். இப்போது நாகரிகம் மாறிவிட்டது. அமெரிக்க விஸ்கி, அதிலும் பர்பன், அதிலும் "லிமிடெட் எடிஷன்". மரப்பெட்டி, வெல்வெட் துணி, எத்தனை பாட்டிலில் இது எத்தனையாவது என்ற கணக்கு எல்லாம் கூடவே வரும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் பெட்டியைக் காட்டுவார்கள். அடுத்து விலையைச் சொல்வார்கள். கடைசியில்தான், அதுவும் திறந்தால், ருசி.

இந்த வரிசை தலைகீழ் என்பதுதான் என் கட்சி.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டியவன் நான். டெண்டரில் இரண்டு கவர் முறை என்று ஒன்று உண்டு. ஒரு கவரில் சரக்கின் தரம், தகுதி. இன்னொரு கவரில் விலை. தரக் கவரைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். அதில் தேறியவர்களுடைய விலைக் கவரை மட்டுமே பிறகு பிரிக்கலாம். விலை தெரிந்த பிறகு தரத்துக்கு மார்க் போட்டால் அந்த மார்க்கை நம்ப முடியாது என்று விதியை எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாற்காலிக்கும் சிமெண்டுக்கும் இருக்கிற இந்த ஒழுங்கு, மாசச் சம்பளத்தை விழுங்கும் ஒரு பாட்டிலுக்கு வேண்டாமா?

முதலில் சரக்கைப் பற்றி நாலு வார்த்தை. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு பூர்போன் என்றால் ராஜ வம்சம். 1589-இல் நான்காம் ஆன்ரியோடு பட்டத்துக்கு வந்த வம்சம். அதில் வந்த பதினாறாம் லூயி, அமெரிக்க விடுதலைப் போருக்குப் பணமும் படையும் அனுப்பினார். அந்த நன்றிக்காக அமெரிக்கர்கள் ஒரு கவுண்டிக்கு பூர்போன் என்று பெயர் வைத்தார்கள். அது இன்றைக்குக் கென்டக்கி மாநிலத்தில் இருக்கிறது. அமெரிக்கர் வாயில் அது பர்பன் ஆகிவிட்டது. பெயர் ஊரிலிருந்து விஸ்கிக்கு எப்படி ஒட்டியது என்பதில் அவர்களுக்குள்ளேயே பல கட்சி. நம்மூர்க்காரர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன ரெயூனியோன் தீவின் பழைய பெயரும் பூர்போன்தான் என்பது நம் வாசகர்கள் பலருக்குத் தெரியும்.

பர்பன் என்று எழுதி விற்க அமெரிக்கச் சட்டம் தெளிவாக நிபந்தனை போட்டிருக்கிறது. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடித்து இறக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பீப்பாய் புதிய ஓக் மரத்தில் செய்து உட்புறம் நெருப்பில் கருக்கியதாக இருக்க வேண்டும். நிறம், வாசனை எதையும் வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. நீங்கள் மோந்து பார்த்து "ஆகா, வனிலா, கிராம்பு, காய்ச்சிய சர்க்கரை" என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கருகிய மரம் கொடுத்தது.

1897-இல் அவர்கள் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். கண்ட கழிசடையைக் கலந்து விஸ்கி என்று விற்ற காலம் அது. "பாட்டில்ட் இன் பாண்ட்" என்று லேபிளில் போட வேண்டுமானால், ஒரே வடிசாலையில் ஒரே பருவத்தில் வடித்த சரக்காக இருக்க வேண்டும். அரசாங்கக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் நாலு வருஷமாவது கிடக்க வேண்டும். 50 சதவீத ஆல்கஹாலில் பாட்டிலில் அடைக்க வேண்டும். கிடங்கின் பூட்டுக்கு அரசாங்க ஊழியர் பொறுப்பு. லேபிளில் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் சரிபார்க்கக்கூடிய ஒரு உண்மை இருந்தது.

இனி "லிமிடெட் எடிஷன்" என்ற சொல்லுக்கு வாருங்கள். அதற்குச் சட்டத்தில் எந்த விளக்கமும் கிடையாது. "ஸ்மால் பேட்ச்" என்பதற்கும் கிடையாது. நூறு பாட்டிலும் லிமிடெட்தான், ஒரு லட்சம் பாட்டிலும் லிமிடெட்தான். கடல் நீரும் லிமிடெட்தான் ஐயா! ருசியைப் பற்றி எதுவுமே சொல்லாத ஒரு சொல்லுக்கு நாம் பல மடங்கு விலை கொடுக்கிறோம்.

"பழைய விஸ்கி உண்மையிலேயே அரிது, அதனால்தான் விலை" என்பார்கள். அதில் பாதி உண்மை. பீப்பாயில் கிடக்கும் விஸ்கி வருஷா வருஷம் ஆவியாகிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதை "லா பார் தேஸான்ழ்", தேவதைகளின் பங்கு என்பார்கள். ஒரு பர்பன் பீப்பாய் சுமார் 200 லிட்டர். வருஷத்துக்கு நாலு சதவீதம் போகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், பதினைந்து வருஷத்தில் மிஞ்சுவது சுமார் 108 லிட்டர். கிடங்குச் செலவு உண்டு. முதிரும் பீப்பாய்க்குக் கென்டக்கியில் சொத்து வரியும் உண்டு. ஆகவே விலை இரண்டு மடங்கு என்றால் ஒப்புக்கொள்கிறேன், மூன்று மடங்கு என்றாலும் பேசலாம். பத்து மடங்கு, இருபது மடங்கு என்றால் அதைத் தேவதைகள் குடிக்கவில்லை.

அதோடு, வயது கூடினால் ருசி கூடும் என்பது பர்பனுக்கு அப்படியே பொருந்தாது. ஸ்காட்லாந்தில் குளிர். அங்கே ஏற்கெனவே உபயோகித்த பீப்பாய்களில்தான் பெரும்பாலும் ஊற்றுகிறார்கள். பர்பன் ஊற்றிக் கழித்த பீப்பாய்களே அங்கே ஏராளமாகப் போகின்றன. மரம் சாரம் இழந்திருப்பதால் இருபது வருஷம் கிடந்தாலும் தாங்கும். கென்டக்கியில் கோடை வெயில் கடுமை, பீப்பாய் ஒவ்வொன்றும் புத்தம் புதிது. வெயிலில் விஸ்கி மரத்துக்குள் ஏறும், குளிரில் வெளியே வரும். அளவு மீறிக் கிடந்தால் கொதிக்க விட்ட தேயிலை மாதிரி துவர்ப்பு ஏறிவிடும். எட்டு வயதில் குணமாக இருந்தது பதினெட்டில் மரத்தூள் ஆவதும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான், எல்லாரும் வயதாக ஆக நல்லவர்கள் ஆவதில்லை.

சரி, கவரை எப்படிப் பிரிப்பது? நான் செய்ததைச் சொல்கிறேன். பாரீசிலிருந்து வந்த என் தங்கை மகன் ஒரு லிமிடெட் எடிஷன் கொண்டுவந்தான். பதினைந்து வயது, 60 சதவீதம் ஆல்கஹால், நம்பர் போட்டது. கம்பெனி பெயர் வேண்டாம். கூடவே அவன் நண்பனுக்கு என்று வாங்கிவந்த சாதாரண வைல்ட் டர்க்கி 101 ஒன்றும் பெட்டியில் இருந்தது. அது 50.5 சதவீதம். நம்பர் போட்டதன் விலை இதைப்போல எட்டு மடங்கு. "மாமா, இதெல்லாம் கிடைக்கிறதே பெரிசு. நாக்குலே வெச்சதும் வித்தியாசம் தெரியும் பாருங்க" என்றான். "தெரியட்டும்டா, நண்பனுக்கு நாளைக்கு நான் வேறு வாங்கித் தருகிறேன்" என்று இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

பந்தயம் சமமாக இருக்க வேண்டும். ஆகவே நம்பர் சரக்கில் 100 மில்லிக்கு 19 மில்லி தண்ணீர் சேர்த்தேன். இரண்டும் ஏறத்தாழ ஒரே காரத்துக்கு வந்தன. நாக்கைச் சுடுவதைத் தரம் என்று நினைத்துவிடக் கூடாது அல்லவா? ஆளுக்கு நாலு கிளாஸ், ஒவ்வொன்றிலும் பத்து மில்லிதான், டாக்டர்கள் பதற வேண்டாம். நாலில் இரண்டு நம்பர் சரக்கு, இரண்டு சாதாரணம். எது எது என்று யாருக்கும் தெரியாது. சமையலறையில் ஊற்றி, கிளாஸ் அடியில் சீட்டு ஒட்டியது என் மனைவி. அவள் தொடுவதே இல்லை என்பதால் அவளைவிட நடுநிலையான அதிகாரி புதுச்சேரியில் கிடையாது. ருசி பார்த்தவர்கள் நான், தங்கை மகன், ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர், பேங்க்காரர் ஒருவர். பேசக் கூடாது. பேசினால் ஒருவர் "செர்ரி" என்றதும் மற்ற மூவருக்கும் செர்ரி வாசனை வந்துவிடும். பத்துக்கு எத்தனை என்று தாளில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும்.

கூட்டிப் பார்த்தோம். மொத்தம் 80-க்குச் சாதாரணம் 57, நம்பர் சரக்கு 55. இந்த இரண்டு மார்க் வித்தியாசத்தை நான் பெரிதாக்கவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. கொண்டுவந்த பிள்ளையே நம்பர் சரக்கின் ஒரு கிளாசுக்கு 8 போட்டு, அதே சரக்கின் இன்னொரு கிளாசுக்கு 5 போட்டிருந்தான். ஒரே பாட்டிலுக்கு ஒரே நாக்கு பத்து நிமிஷத்தில் மூன்று மார்க் ஏறி இறங்குகிறது. பத்திரிகைகளில் நூற்றுக்கு 96, 97 என்று பிசகாமல் போடுகிறார்களே, அவர்கள் நாக்கு என்ன தராசா?

நம்பர் சரக்கைப் பற்றி நியாயமாகவே சொல்கிறேன். மோந்தால் அருமை. கிராம்பு, பழைய மரப்பெட்டி, கருகிய சர்க்கரை. வாயில் வைத்தால் முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு துவர்ப்பு ஏறி நாக்கு உலர்ந்துபோனது. சாதாரணத்தில் வாசனை அவ்வளவு ஆழம் இல்லை, ஆனால் இனிப்பும் காரமும் கடைசி வரை கைகோத்து வந்தன. எட்டில் ஒரு பங்கு விலைக்கு அது போதாதா?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 1976 மே 24-இல் பாரீசில், பெயர் மறைத்த கிளாஸ்களில் பிரெஞ்சு நிபுணர்கள் பிரெஞ்சு வைனையும் கலிபோர்னியா வைனையும் ருசி பார்த்தார்கள். வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்கு. ஒரு நடுவர் தன் மார்க் தாளைத் திருப்பிக் கேட்டார்! பொர்தோவில் நடந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளை வைனில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து 54 பேருக்குக் கொடுத்தார்கள். சிவப்பு வைனுக்குச் சொல்லும் வர்ணனைகளையே அதற்கும் சொன்னார்கள். நிறத்துக்கே மூக்கு இப்படி மயங்கினால், மரப்பெட்டிக்கும் விலைக்கும் மயங்காதா?

அந்த மயக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆரிகன் மாநிலத்தைப் பாருங்கள். அங்கே மது விற்பனை அரசாங்கக் கையில். பேப்பி வான் விங்கிள் என்ற பர்பன், அதிகாரப்பூர்வ விலையில் கிடைத்தால் சில நூறு டாலர், வெளியே ஆயிரக்கணக்கில். பொதுமக்களுக்குப் போக வேண்டிய இதைப்போன்ற பாட்டில்களை மது ஆணையத்தின் மேலதிகாரிகள் சிலர் தங்களுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டார்கள் என்பது 2023-இல் வெளியே வந்தது. ஆணையத் தலைமை நிர்வாகி பதவி விலகினார். உரிய விலை கொடுத்துத்தான் வாங்கினோம் என்பது அவர்கள் தரப்பு. சரி, வரிசையில் நிற்காததற்கு என்ன விலை கொடுத்தார்கள்? ஸ்டோர்ஸ் ரிஜிஸ்தர் எழுதியவன் என்ற முறையில் கேட்கிறேன். நல்ல விஸ்கி அங்கே எல்லாக் கடையிலும் அடுக்கி வைத்திருக்கிறது. அதற்காக யாரும் உத்தியோகத்தைப் பணயம் வைக்கவில்லை. பணயம் வைத்தது அடுத்தவனுக்குக் கிடைக்காத ஒன்றுக்காக.

"சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் என்கிறாய்" என்று சிலர் சொல்லக்கூடும். எனக்குப் பழம் எட்டியது, தின்றும் பார்த்தேன், அப்புறம்தான் பேசுகிறேன். "அரிய பொருளை வைத்திருப்பதும் ஒரு சுகம்தானே" என்றால், தாராளமாக. தபால்தலை சேர்ப்பவரை நான் குறை சொல்வதில்லை. ஆனால் அவர் தபால்தலையை நக்கிப் பார்த்து ருசி பிரமாதம் என்று சொல்வதில்லையே!

எனக்குத் தெரிந்த பழைய சொல்தா ஒருவர், மகன் அனுப்பிய நம்பர் பாட்டிலை ஷோகேசில் வைத்திருந்தார். பேத்தி கல்யாணத்துக்குத் திறப்பேன் என்றார். கல்யாணம் வந்தது, விலையை நினைத்துத் திறக்கவில்லை. போன வருஷம் அவர் போய்விட்டார், பாட்டில் அங்கேயே இருக்கிறது. பீப்பாயை விட்டு வந்த பிறகு விஸ்கி முதிர்வதில்லை என்பதை யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம். கண்ணாடிக்குள் அதற்கு வயது ஏறாது, நமக்குத்தான் ஏறும்.

உங்கள் வீட்டு ஷோகேசிலும் ஒன்று இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை எடுங்கள். பக்கத்தில் ஒரு சாதாரண பாட்டிலும் வையுங்கள். லேபிளை மூடி, குடிக்காத ஒருவரை ஊற்றச் சொல்லுங்கள். மார்க் போட்டு முடித்த பிறகு விலையைப் பாருங்கள். எது ஜெயித்தாலும் நண்பர்களோடு குடித்ததுதான் மிச்சம்.