லோகோ இருந்தா ஒரிஜினல் பக்கமா? லாகின் டோக்கன் திருடப்படுவது எப்படி?

மதுரை கே.கே. நகரில் உள்ள சின்ன ஆபீஸ்கூட மைக்ரோசாஃப்ட் லாகின் பக்கத்தில் தன் லோகோவைப் போட்டுக்கொள்ளலாம். 'நம்ம லோகோ இருக்கு, நம்ம பக்கம்தான்' என்று ஊழியர்கள் நம்புவதுதான் சிக்கல். போலிப் பக்கம் நடுவில் நின்று உண்மையான பக்கத்தையே வாங்கிக் காட்டும். லோகோவும் சேர்ந்தே வரும். ஓடிபி போட்டதும் கிடைக்கும் டோக்கனை அது சுட்டுவிடும். தியேட்டர் டிக்கெட் மாதிரிதான், கையில் வைத்திருப்பவர் உள்ளே போகலாம்.

இப்படி 2021 செப்டம்பர் முதல் 10,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் குறிவைக்கப்பட்டதாக 2022 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் சொன்னது.

மாட்டிக்கிட்டா பாஸ்வேர்டை மட்டும் மாத்தினா போதாது. அட்மின் எல்லா செஷனையும் ரத்து செய்யணும். அப்பவும் ஏற்கெனவே கொடுத்த அக்சஸ் டோக்கன் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட வேலை செய்யலாம். பாஸ்கீ உண்மையான இணைய முகவரியோடு கட்டப்பட்டது என்பதால், போலிப் பக்கத்தில் அது வேலையே செய்யாது.