இ.எஸ்.ஆர். கூடினால் டி.பி.யா?

லேப் ரிசல்ட் கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது இ.எஸ்.ஆர். என்ற வரியைத்தான். எண் கொஞ்சம் கூடியிருந்தால் போதும், "ரத்தத்துல கிருமி", "டி.பி.யா இருக்குமோ" என்று வீடே கலங்கிவிடும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஓட்டப்பிடாரத்திலிருந்து தூத்துக்குடிக்கு பஸ் ஏறி வருபவருக்கு அந்தப் பயமே பெரிய செலவு. உண்மையில் அந்த எண் சொல்வது என்ன?

ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம், அவ்வளவுதான்! 1921-ல் சுவீடன் மருத்துவர் வெஸ்டர்கிரன் வெளியிட்ட முறையே இன்றும் அளவுகோல். நான்கு பங்கு ரத்தத்தில் ஒரு பங்கு சோடியம் சிட்ரேட் கரைசலைக் கலந்து, 200 மி.மீ. வரை கோடு போட்ட மெல்லிய குழாயில் ஏற்றி நேராக நிறுத்துவார்கள். ஒரு மணி நேரத்தில் மேலே எத்தனை மி.மீ. தெளிந்திருக்கிறதோ அதுவே இ.எஸ்.ஆர்.

கலங்கிய கண்மாய்த் தண்ணீரைத் தெளியவைக்கப் பானைக்குள் தேற்றாங்கொட்டையை உரசுவார்கள் அல்லவா? சேறு திரண்டு அடியில் தங்கும். ரத்தத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். சிவப்பணுக்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளும். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் பெருகி அந்தத் தள்ளலைக் குறைத்துவிடும். அணுக்கள் அடுக்கிய காசுகள்போல ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும்.

அழற்சி மட்டும்தான் காரணமா? இல்லை. ரத்தசோகை, கர்ப்பம், முதுமை எல்லாமே எண்ணைக் கூட்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அப்படியானால் எத்தனை பெண்கள் வீணாகப் பயந்திருப்பார்கள்! போதாததற்கு, குழாய் சற்றே சாய்ந்தாலும், அறையில் வெக்கை அதிகமானாலும் எண் ஏறும்.

அதற்காக இந்தச் சோதனை வீண் என்று தள்ளிவிட முடியாது. மூட்டுவாதம் போன்ற நோய்களில் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இது இன்றும் உதவுகிறது. ஆனால் டி.பி.யை உறுதிசெய்யச் சளிப் பரிசோதனைதான் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

ஆகவே லேப்காரர்கள் இ.எஸ்.ஆருக்குப் பக்கத்திலேயே ஹீமோகுளோபின் அளவையும், எந்த முறையில் பார்த்தார்கள் என்பதையும் அச்சிட வேண்டும். மருத்துவர்களும் இரண்டு வார்த்தை விளக்க வேண்டும். பேரேட்டில் ஒரேயொரு வரியைப் பார்த்துக் கடை நட்டத்தில் ஓடுகிறது என்று யாரும் முடிவுகட்டுவதில்லை. உடம்புக் கணக்குக்கு மட்டும் ஏன் அந்த அவசரம்?