கறுப்பாற்று மீன்கள்

பத்தாவது பிறந்த நாளுக்கு மீன் தொட்டி வேண்டுமென்று நமது இளைய குமாரன் பிடிவாதம் செய்தபோது, இதில் என்ன பிரமாதம் என்று நாமும் இசைந்துவிட்டோம். கண்ணாடித் தொட்டியும் பன்னிரண்டு கார்டினல் டெட்ரா மீன்களும் ஒரே மாலையில் வீடு வந்து சேர்ந்தன. பத்து நாளைக்குள் ஏழு மாண்டன. பையன் சாதம் வேண்டாமென்று எழுந்து போய்விட்டான். இருபது வருஷமாக விஞ்ஞான பாடம் சொல்லும் நமக்கு மிகவும் வெட்கமாய்ப் போயிற்று.

அவை தொட்டியில் பிறந்தவை அல்ல, ஆற்றில் பிடித்தவை என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்த ஆறு பிரேஸில் தேசத்து ரியோ நேக்ரோ. கறுப்பாறு என்று பொருள். காட்டின் சருகுகள் ஊறி ஊறித் தேயிலைக் கஷாயம் போல் நிறங்கொண்ட ஜலம் அது. சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய இல்லவே இல்லை, பி.எச். கணக்கில் 5-க்கும் கீழே இறங்கும் புளிப்பு. நமது சென்னைக் கிணற்று ஜலமோ பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குத் தட்டும் ஜாதி. மேலும், மீன்களின் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவைத் தீர்க்கும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் குடியேற நாலைந்து வாரங்களாகும். காரமான ஜலத்தில் அந்த அம்மோனியாவின் விஷம் பன்மடங்கு ஏறிவிடும். நாம் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை.

பிறகு மொட்டை மாடி மழை ஜலத்தைப் பிடித்துச் சிறிது சிறிதாகக் கலந்தோம். காய்ந்த நாட்டு வாதுமை இலைகள் இரண்டை மிதக்க விட்டோம். "நல்ல தண்ணீரை இப்படி அழுக்காக்குகிறீர்களே!" என்று வீட்டில் கடிந்துகொண்டார்கள். மீதி ஐந்தும் பிழைத்தன.

ஒரு நாள் நள்ளிரவில் பையன் அலறினான். விளக்கைப் போட்டுப் பார்த்தால், மீன்கள் வெளிறிக் கிடந்தன. சிறிது நேரத்தில் நீலக்கோடு மெல்லத் திரும்பியது. அந்த நீலம் சாயமன்று. தோலிலுள்ள நுண்ணிய படிகத் தகடுகள் ஒளியைத் திருப்பும் ஜாலம். இருளில் மங்குவது அவற்றின் இயல்பு. (கடைகளில் கறுப்பு டெட்ராவுக்கு ஊசியால் சாயமேற்றி விற்கிறார்களே, அந்தக் கொடுமை நம் வீட்டு வாசற்படி ஏறாது.)

இறந்த ஏழுக்குப் பதில் வாங்குவதா? ஆற்று மீனை வாங்குவது பாவமென்றே முதலில் எண்ணினோம். ஆனால் ரியோ நேக்ரோக் கரையிலுள்ள பார்ஸெலோஸ் என்ற ஊரில், ஓடத்திலிருந்து கைவலையால் இம்மீன்களைப் பிடித்தே பல குடும்பங்கள் பிழைத்து வந்திருக்கின்றன. ஆண்டுதோறும் மீன் திருவிழா. ஊரே கார்டினல் கட்சி, டிஸ்கஸ் கட்சி என்று இரண்டாய்ப் பிரிந்து ஆடிப் பாடும். வெள்ளம் வடியும்போது குட்டைகளில் சிக்கி எண்ணற்ற மீன்கள் எப்படியும் மடிகின்றன. தொட்டியில் வளர்த்த மீன்கள் சந்தையை நிரப்பிய பின் அக்குடும்பங்களின் வரும்படி சுருங்கிற்று. காடும் ஆறும் கெடாமலிருந்தால்தான் அவர்களுக்கு மீன். ஆகவே ஆற்று மீனையே வாங்குவதென்பது நமது தீர்மானம்.

"அப்பா, இதுகளோட அம்மா அந்த ஆத்துலேயே இருக்குமா?" என்று பையன் கேட்டான். நமக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஐப்பசி மழையில் குடங்கள் நிறையட்டும். தை மாதம் கடைக்குப் போவதாக அவனிடம் சொல்லியிருக்கிறோம்.