பெட்டியைக் காப்பாற்றினேன், எழுத்தைத் தொலைத்தேன்

பழைய கம்ப்யூட்டர் பொருள்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. சிலர் தபால் தலை சேர்ப்பார்கள், சிலர் நாணயம் சேர்ப்பார்கள். என் வீட்டுப் பரண் முழுவதும் கீபோர்டு, மவுஸ், மோடம், மதர்போர்டு. "இதையெல்லாம் எடைக்குப் போட்டால் ஒரு மாதக் காஸ் சிலிண்டருக்கு ஆகும்" என்பது என் மனைவியின் கணக்கு. இத்தனை நாளும் நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். சென்ற மாதம் ஒரு சனி, ஞாயிறில் நடந்ததற்குப் பிறகு அப்படிச் சிரிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு ஒரு போன். குரோம்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்த தமிழாசிரியரின் மகள் பேசினார். ஐயா 2012-ல் மகளோடு கோவைக்குக் குடிபோனபோது தன்னுடைய பென்டியம் 3 கம்ப்யூட்டரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சென்ற ஆண்டு காலமாகிவிட்டார்.

"அண்ணா, அப்பா கம்ப்யூட்டர் இன்னும் உங்ககிட்ட இருக்கா? எங்க ஊர் வரலாறு எழுதிட்டிருந்தார். அது அதுலதான் இருக்குன்னு சொல்லுவார்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கம்ப்யூட்டர் இருக்கிறது. அவர் டக் டக் என்று தட்டிய டிவிஎஸ் கோல்டு கீபோர்டைக்கூடத் துடைத்து வைத்திருக்கிறேன். ஆனால் வந்த வாரமே ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்து, விண்டோஸ் 98-ஐப் புதிதாகப் போட்டு, பழைய கேம்ஸ்களை ஏற்றியவன் நான். அதில் என்ன இருந்தது என்று ஒரு முறை திறந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை. மேலே இத்தனை எழுதிய பிறகு பழைய பைல்களை மீட்க வழியில்லை.

உண்மையைச் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. அப்போதுதான் கம்ப்யூட்டரோடு வந்த பிளாஸ்டிக் பெட்டி நினைவுக்கு வந்தது. உள்ளே 14 ப்ளாப்பிகள். லேபிளில் ஐயாவின் அழகான கையெழுத்து இருந்ததால் எறியாமல் வைத்திருந்தேன். "இரண்டு நாள் டைம் கொடும்மா" என்றேன்.

சனிக்கிழமை காலை ரிச்சி தெரு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் எப்போதும் நான் நின்று நின்று வேடிக்கை பார்ப்பேன். அன்று நேராக வேலைக்குப் போனேன். வேண்டியவை இரண்டு: யுஎஸ்பி ப்ளாப்பி டிரைவ் ஒன்று, பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் ஒன்று. அடாப்டர் உடனே கிடைத்தது. ப்ளாப்பி டிரைவ் என்றதும் ஒரு கடைப் பையன் "அது என்ன சார்?" என்று கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஜப்பானில் சோனி நிறுவனமே 2011 மார்ச்சில் ப்ளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. ஆறாவது கடையில் ஒரு பெரியவர் அட்டைப் பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மதியம் வீட்டில் வேலை ஆரம்பம். இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள். பழைய ப்ளாப்பியை டிரைவில் போடும் முன் அதன் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தி, ஓட்டை தெரியும்படி வையுங்கள். அப்போது அதில் எதுவும் எழுதப்படாது. அடுத்து, டிஸ்க்கைப் படிக்க முடியாவிட்டால் "பார்மட் செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்கும். நூறு முறை கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

இரவு வரை முயன்றதில் 6 ப்ளாப்பிகள் முழுதாகப் படித்தன. மீதி எட்டில் கரகரவென்ற சத்தம்தான் வந்தது.

படுத்த பிறகு ஒரு யோசனை. ப்ளாப்பி டிரைவ்களில் ஹெட் நிற்கும் இடம் டிரைவுக்கு டிரைவ் இம்மி அளவு மாறும். ஒரு டிரைவில் எழுதியதை இன்னொன்று படிக்கத் திணறுவது இதனாலும்தான். அப்படியென்றால் இவற்றை எழுதிய டிரைவ் எது? பரணில் இருக்கும் ஐயாவின் கம்ப்யூட்டரில் உள்ளதேதான்!

ஞாயிறு காலை இறக்கி வைத்து ஸ்விட்சைப் போட்டால் உயிர் இல்லை. எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. இப்போது விற்கும் பல எஸ்எம்பிஎஸ்களில் ப்ளாப்பி டிரைவுக்கான அந்தச் சின்ன நாலு பின் கனெக்டரே இருப்பதில்லை. எனவே வழக்கமாகப் போகும் காயலான் கடைக்கு ஓடினேன். கம்ப்யூட்டர்கள் அங்கே கிலோ கணக்கில் குவிந்து கிடக்கும். மதர்போர்டுக்குத் தனி விலை, இரும்புக்குத் தனி விலை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் யாரோ ஒருவருடைய கல்யாணப் போட்டோவும் கடிதமும் கணக்கும் இருக்குமே என்ற எண்ணம் இத்தனை வருடத்தில் எனக்கு அன்றுதான் வந்தது. நானும் கடைக்காரரைப் போல வெறும் எடையாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பழைய எஸ்எம்பிஎஸ் மாட்டி, டிரைவின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் துடைத்து முயன்றேன். இன்னும் 5 ப்ளாப்பிகள் படித்தன. எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, அந்த ஹார்ட் டிஸ்க்கை அடாப்டர் வழியாக லேப்டாப்பில் மாட்டினேன்.

பைலைத் திறந்தால் அடுத்த சோதனை. லிப்ரே ஆபீஸில் வேர்டு பைல் திறக்கிறது. ஆனால் ஒரு தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரே குப்பை. ஆனால் பல இடங்களில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்ற வரிசை வந்தது. பிடி கிடைத்துவிட்டது! பாமினி பாண்ட்டில் "தமிழ்" என்று அடித்தால் உள்ளே பதிவாவது அதுதான். தமிழ் டைப்ரைட்டிங் தெரிந்த ஐயாவுக்கு அந்த எழுத்து வரிசை கை வந்த ஒன்று.

யூனிகோட் பரவுவதற்கு முன் நாம் எல்லோரும் செய்தது இதுதான். ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தோம். ஒவ்வொரு பாண்ட்டும் தன் இஷ்டப்படி வைத்தது. இதைச் சீர்செய்ய 1999-ல் டாம், டாப் என்று தரம் வகுத்தார்கள். இணையத்தில் டிஸ்கி பரவியது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-ல். அதற்கு முன் வீடுகளில் அடித்துவைத்த கவிதையும் கல்யாணப் பத்திரிகையும் குடும்ப வரலாறும், பாண்ட் தொலைந்தால் வெறும் குப்பையாகவே தெரியும்.

நல்ல வேளையாக உருமாற்றிகள் உண்டு. பாமினி என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றச் சில நொடிகள் போதும். ஆனாலும் பிழை பார்க்க வேண்டும். பாமினியில் "கொ" என்பதற்குக் கொம்பு, க, கால் என்று பார்க்கிற வரிசையிலேயே அடிப்போம். யூனிகோடில் க-வுக்குப் பிறகுதான் உயிர்க்குறி. கொம்பு வரும் இடங்களில்தான் தவறுகள் ஒளிந்திருந்தன.

ஞாயிறு இரவு ஐயாவின் மகளை அழைத்தேன். 11 ப்ளாப்பிகளில் இருந்ததைத் தமிழில் படிக்கும்படி அனுப்பிவிட்டேன் என்றேன். மூன்று படிக்கவேயில்லை. அவற்றில் ஒன்றின் லேபிளில் "இயல் 4 - ஏரி" என்று எழுதியிருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"ஏரிக் கதை அப்பா வாயால நிறைய கேட்டிருக்கேன் அண்ணா. ஞாபகம் இருக்கிற வரைக்கும் நான் எழுதிப் பார்க்கிறேன்" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என்னைப் போன்ற சேகரிப்பாளர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. பெட்டி முக்கியம்தான், ஐயாவின் டிரைவ் இல்லாவிட்டால் அந்த 5 ப்ளாப்பிகளும் போயிருக்கும். ஆனால் முதலில் உள்ளே இருப்பதைப் பாருங்கள். கொடுத்தவரைக் கேளுங்கள், காப்பி எடுத்து அவரிடம் கொடுங்கள். பிறகு கீபோர்டைத் துடைக்கலாம். அவர் 2012-லிருந்து போன ஆண்டு வரை போன் செய்யும் தூரத்தில்தான் இருந்தார். எந்த பாண்ட், எந்த பைல் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

சேர்க்கும் பழக்கம் இல்லாதவர்களும் வரும் ஞாயிறு அலமாரியைத் திறந்து பாருங்கள். ப்ளாப்பி, சிடி, பழைய ஹார்ட் டிஸ்க் எது இருந்தாலும் இப்போதே காப்பி எடுங்கள். பழைய தமிழ் பைல் என்றால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மூல பைலையும் அதன் பாண்ட்டையும் பக்கத்திலேயே வையுங்கள். அடித்தவர் வீட்டில் இருந்தால் அவரையும் அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று ப்ளாப்பிகளை நான் இன்னும் எறியவில்லை. அடுத்த ஞாயிறு இன்னொரு டிரைவ் தேடிக் காயலான் கடைக்குப் போகிறேன்.