சிறுவர் சந்தையில் சிறுவர் எங்கே?

மன்னார் தீவில் எந்தக் கிராமத்து ஆரம்பப் பாடசாலையை எடுத்தாலும் ஆண்டு ஏறத்தாழ இப்படித்தான் ஓடும். தை மாதத்தில் தரம் ஒன்றுப் பிள்ளைகளுக்குக் கால்கோள் விழா. பிறகு விளையாட்டு விழா. இடையில் ஒரு நாள் சிறுவர் சந்தை. ஒக்ரோபரில் சிறுவர் தினம், ஆசிரியர் தினம், வாசிப்பு மாதம். டிசம்பரில் ஒளிவிழா. ஓலைத்தொடுவாய் மாதிரி ஒரு சின்ன ஊரில் இந்த நாட்கள் பாடசாலைக்கு மட்டும் உரியவை இல்லை. வலை இழுக்கிற அப்பாவும் வருவார், ஓலை பின்னுகிற அம்மம்மாவும் வருவா. பள்ளிக்கூடத்து முற்றம் அன்றைக்கு ஊர் முற்றமாகிவிடும்.

இந்த நாட்களைப் பற்றி ஒரு கதை எல்லா இடத்திலும் கேட்கிறது. "உந்தச் சந்தையும் கூத்தும் எதுக்கு? பிள்ளை அஞ்சாம் வகுப்பெல்லே, படிக்கட்டும்." சொல்லுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கள் மாமிமாரும் சித்தப்பாமாரும்தான். அவர்களோடுதான் இந்தக் கட்டுரையில் நாங்கள் சண்டை பிடிக்கப் போகிறோம். மேடையில் மாலையோடு உட்கார்ந்திருப்பவர்களோடும்தான்.

முதலில் இந்த "படிக்கட்டும்" என்பதைப் பார்ப்போம்.

எங்கள் நாட்டின் ஆரம்பக் கல்விப் பாடத்திட்டம் கற்றலை மூன்று வழியாகப் பிரித்து வைத்திருக்கிறது: விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை. 1990களின் கடைசியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு இது நடைமுறைக்கு வந்தது. தரம் 1, 2 இல் விளையாட்டுக்கே கூடிய இடம். தரம் 5 இல் எழுத்து வேலை கூடும், ஆனால் மற்ற இரண்டும் ஒழிந்துபோவதில்லை. தாய்மொழி, கணிதம், சமயம் என்பவற்றோடு "சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்" என்றே ஒரு பாடம் இருக்கிறது. பெயரிலேயே செயற்பாடு இருக்கிற பாடத்தை வாங்கில் இருத்திவைத்து, மாதிரி வினாத்தாளில் புள்ளடி போடப் பழக்குவதைத்தான் இப்போது படிப்பு என்கிறோம்.

ஒரு சிறுவர் சந்தையில் என்ன நடக்கிறது? வீட்டு வளவில் ஆய்ந்த முருங்கைக்காய், பனங்கிழங்கு, ஒடியல், ஒரு பை கருவாடு, அம்மா சுட்டுக் கொடுத்த வடை. தரம் மூன்று படிக்கிற பிள்ளை ஒரு கட்டு முருங்கைக்காய்க்கு 60 ரூபாய் என்று விலை சொல்லுகிறாள். அம்மம்மா 50க்குக் கேட்கிறா. பிள்ளை யோசிக்கிறாள், 55 என்கிறாள். அம்மம்மா 100 ரூபாய்த் தாளை நீட்டுகிறா. மிச்சம் எவ்வளவு? கொப்பியில் இதே கணக்குக்கு முழித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை, இங்கே கண்ணை மூடித் திறப்பதற்குள் 45 ரூபாயை எண்ணிக் கொடுக்கிறாள். கழித்தலும் நிறுத்தலும் அதில் இருக்கின்றன. பெரியவர்களோடு மரியாதை விடாமல் வாதாடுகிற மொழி இருக்கிறது. வீட்டுத் தொழில் வெட்கப்படுகிற விசயம் இல்லை என்ற எண்ணமும் இருக்கிறது. கருவாடு விற்கிற வீட்டுப் பிள்ளை அன்றைக்குத்தான் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை. இதைவிடப் பெரிய படிப்பு எது, சொல்லுங்கோ?

ஆனால் நாங்கள் இப்போது நடத்துகிற சந்தை பல இடங்களில் இதுவா? நாலைந்து பாடசாலைகளின் படங்களைப் பேஸ்புக்கில் அடுத்தடுத்துப் பாருங்கள். எந்த மாவட்டம் என்று கண்டுபிடிக்க முடியாது, எல்லாம் ஒரே படம். பதாகையில் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று மூன்று தட்டில் பெயர்கள். பாண்ட் வாத்தியம், மாலை, மங்கள விளக்கு, வரவேற்பு நடனம், நாடா வெட்டல். சந்தை எட்டரைக்கு என்று சொல்லியிருப்பார்கள். விருந்தினரின் வாகனம் பத்தேமுக்காலுக்கு வரும். அதுவரைக்கும் கீரை வாடும், பிள்ளையும் வாடும். "ஒருத்தரும் இப்ப விக்கக் கூடாது, ஐயா வந்து திறந்து வைக்கோணும்" என்று ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். பிறகு ஐயா வருவார். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி ஒரு வெள்ளரிப்பழம் வாங்குவார். பிள்ளை மிச்சக் காசு எண்ணத் தொடங்க, "வேண்டாம், வைச்சிரு மகன்" என்பார். கமரா மின்னும். பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய கழித்தல் கணக்கு அந்த இடத்திலேயே செத்துப் போகும். மேசைக்குப் பின்னால் அம்மாதான் விற்றுக்கொண்டிருப்பா. அரைவாசிச் சாமான் முதல் நாள் நகரத்துக் கடையில் வாங்கி வந்ததாக இருக்கும்.

பெரியவர்கள் சந்தையைக் கைப்பற்றி, அதற்குச் சிறுவர் சந்தை என்று பெயரையும் வைத்திருக்கிறார்கள்.

விளையாட்டு விழாவும் இதே வழியில்தான் போகிறது. சாக்கு ஓட்டம், தேசிக்காய்க் கரண்டி ஓட்டம், பலூன் ஊதி உடைத்தல், பணிஸ் சாப்பிடுதல் எல்லாம் பிள்ளை விழுந்தெழும்பிச் சிரிக்கத்தான். அதற்கு முன்னால் அணிவகுப்பு, மரியாதை, மூன்று பேச்சு. ஏழு வயதுப் பிள்ளையை வெயிலில் நிறுத்தி வைத்து ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர் பந்தல் நிழலில் நின்று பேசுகிறார். இதைக் கேட்க ஒருவரும் இல்லையா?

அதிபர், ஆசிரியர்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போக எங்களுக்கு விருப்பமில்லை. பொன்னாடை போர்த்தாவிட்டால் கோவிக்கிறவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு வகுப்பறைக்குக் கூரை வேண்டும், தண்ணீர்த் தாங்கி வேண்டும் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் தெரியும். உரிமையாகக் கிடைக்க வேண்டியதை விருந்தோம்பலால் வாங்க வேண்டியிருப்பதுதான் நோய். மாலை அதன் அறிகுறி. அந்த நோய்க்கான விலையை ஆறு வயதுப் பிள்ளை ஏன் கொடுக்க வேண்டும்?

இனிப் பரீட்சைக்கு வருவோம்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நல்ல நோக்கத்தோடு பிறந்தது. 1945 ஒக்ரோபர் 1 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கிராமங்களில் மத்திய பாடசாலைகளையும் கொண்டுவந்தார். வசதியற்ற வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, விடுதி வசதியோடு அங்கே படிக்க வைக்கத்தான் இந்தப் பரீட்சை. இன்றைக்கு அது என்னவாக இருக்கிறது? ஆண்டுக்கு 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஆறு பேரில் ஒருவரளவில் வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறார். மிச்ச ஐந்து பேருக்கும் பத்து வயதிலேயே "நீ காணாது" என்று சொல்லி அனுப்புகிறோம்.

2024 செப்டெம்பரில் நடந்த பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்குவது என்று அந்த ஆண்டின் கடைசி நாளில்தான் முடிவானது. பத்து வயதுப் பிள்ளைகளின் மூன்று கேள்விக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றம்! ஒவ்வொரு ஆண்டும் பரீட்சைக்கு முந்திய நாட்களில் மேலதிக வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் தடை செய்கிறது. மீறினால் பொலிசுக்கு அறிவிக்கச் சொல்லுகிறது. பிள்ளையை அதன் பெற்றோரிடமிருந்தும் ரியூசன் மாஸ்டரிடமிருந்தும் காப்பாற்றச் சில நாட்களுக்குத் தடை உத்தரவு தேவைப்படுகிறது என்றால், மிச்ச நாட்களில் நாங்கள் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்கிறோம் என்று யோசியுங்கள்.

"சித்தியடைந்தால் உதவிப்பணம் வருமே, நல்ல பாடசாலை கிடைக்குமே" என்பார்கள். சரி. உதவிப்பணம் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 750 ரூபாயிலிருந்து 1500 ஆக உயர்ந்தது. தரம் மூன்றிலிருந்து மேலதிக வகுப்புக்கும் பயிற்சிப் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்ததைக் கூட்டி, இதோடு வைத்துப் பாருங்கோ. "நல்ல பாடசாலை" என்பதுதான் உண்மையான காரணம். அதற்குள்தான் எங்கள் ஊருக்கான கத்தியும் இருக்கிறது.

நல்ல பாடசாலை நகரத்தில் இருக்கிறது என்று ஊர் நம்பத் தொடங்கினால், அஞ்சாம் வகுப்பு வரைக்கும் ஏன் காத்திருப்பான் என்று முதலாம் வகுப்பிலேயே வானில் ஏற்றி விடுகிறார்கள். பிள்ளைகளின் தொகை குறைகிறது. தொகைக்கு ஏற்பத்தான் ஆசிரியர் என்பதால் ஆசிரியரும் குறைகிறார். ஆசிரியர் இல்லை என்று அடுத்த வீட்டுப் பிள்ளையும் வானில் ஏறுகிறது. நாட்டில் அரச பாடசாலைகள் 10,000 அளவில் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 1500 பாடசாலைகளில் 50 பிள்ளைகள்கூட இல்லை. 2025 ஜூலையில் கல்விச் சீர்திருத்தம் பற்றிப் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தபோது சின்னப் பாடசாலைகளின் எண்ணிக்கையும் பேசப்பட்டது. எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு மூடுவதும் இணைப்பதும் சுலபமான விடை. முன்பு ஓர் அரசாங்கம் "அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை" என்று திட்டமே வைத்தது. சுவரில் பெயின்ற் அடித்தால் மட்டும் பெற்றோரின் நம்பிக்கை வருமா?

நாங்கள் சொல்லுவது இதுதான்: சின்னப் பாடசாலையின் பலம் இந்தச் செயற்பாடுகளில்தான் இருக்கிறது. 40 பிள்ளைகள் படிக்கிற இடத்தில் ஒளிவிழா நாடகத்தில் எல்லோருக்கும் ஒரு வேடம் இருக்கும். ஆடாகவாவது நிற்கும், நட்சத்திரமாகவாவது வரும். ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற நகரத்துப் பாடசாலையில் இருபது பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் கை தட்டுவார்கள். சின்ன இடத்தில் ஓட்டப் போட்டியில் கடைசியாக வருகிறவனின் பெயரும் எல்லோருக்கும் தெரியும். வாசிப்பு மாதத்தில் கதை சொல்ல வருகிறவர் பக்கத்து வீட்டு அப்பப்பா. சுற்றாடலுக்கு வெளியே போக பஸ் வேண்டாம். கரைக்குப் போனால் வலையும் மீனும் இருக்கும். பனங்கூடல் இருக்கும். தீவின் தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. காற்று எப்படி மின்சாரமாகிறது, அது யாருடைய வீட்டுக்குப் போகிறது, தோணிக்காரர் ஏன் கோபமாக இருக்கிறார் என்று பிள்ளை கேட்கத் தொடங்கினால் ஒரு தவணைக்குப் போதும்.

2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் தெருவில் நின்றது. எங்கள் நிலம், எங்கள் கடல் என்றோம். ஒரு ஊரில் மணலை அள்ளினால் கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகளை ஒவ்வொருவராக வானில் அள்ளிக்கொண்டு போனால் தெரியாது. மணி அடிக்காத பள்ளிக்கூடமுள்ள ஊரில் இளம் குடும்பம் வீடு கட்டாது. நிலத்தைக் காக்கப் பதாகை பிடித்த கை, பள்ளிக்கூடத்தையும் பிடிக்க வேண்டும். இந்தக் கரையோரப் பள்ளிக்கூடங்கள் பலவற்றின் பெயரில் இன்றைக்கும் "றோ.க.த.க." என்ற எழுத்துகள் இருக்கின்றன. 1960, 61 சட்டங்களுக்குப் பிறகு அரசு பொறுப்பெடுத்த பழைய மிசன் பாடசாலைகள் அவை. நிர்வாகம் மாறியது. ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள உறவை ஒரு சட்டமும் பொறுப்பெடுக்கவில்லை, அது எங்களிடமே இருக்கிறது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

விருந்தினர் வரட்டும், வரிசையில் நின்று வாங்கட்டும், மிச்சக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு போகட்டும். சந்தையை ஒரு பிள்ளை திறக்கட்டும். வந்தவரின் பேச்சு ஐந்து நிமிடம், அதுவும் கடைசியில். பந்தல் ஒன்றுதான் இருக்கிறதென்றால் அது பிள்ளைகளுக்கு.

தரம் 5 என்று சொல்லி எந்தப் பிள்ளையையும் விளையாட்டிலிருந்தும் நாடகத்திலிருந்தும் மறிக்கக் கூடாது. 200க்கு எத்தனை என்று பத்து வயதுப் பிள்ளையின் முகத்தோடு சந்தியில் பதாகை கட்டக் கூடாது. கட்டப்படாத பிள்ளையும் அந்தச் சந்தியால்தான் நடந்து போகிறது.

பெற்றோரே, ஊர்ப் பாடசாலையில் குறை இருந்தால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வந்து கத்துங்கோ. ஆசிரியர் காணாதென்றால் வலயக் கல்விப் பணிமனைக்கு ஊராகப் போவம். வானில் ஏற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

இதை வாசிக்கிற இளம் ஆட்களுக்கு: பழைய மாணவர் என்று ரீசேட் அடித்துக்கொண்டு விளையாட்டு விழா அன்றைக்கு மட்டும் போய்ப் படம் எடுக்காதீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதும். ஒரு கதைப் புத்தகத்தோடு போங்கள், ஒரு பட்டம் கட்டக் கற்றுக் கொடுங்கள், மைதானத்து முள்ளை வெட்டுங்கள். அடுத்த சிறுவர் சந்தைக்குச் சில்லறையோடு போங்கள். விலை பேசுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளை சரியாகக் கணக்குப் பார்த்து மிச்சம் தரும் வரைக்கும் அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.